எமல்டாவின் முற்றத்துப் பனி

கோயிலில் எமல்டாவுக்குத் தாலி கட்டி, பதிவும் எழுதி, லீவு முடிந்ததும் டெஸ்மன்ட் கனடாவுக்குத் திரும்பிப் போனான். அதன்பிறகு ஐப்பசி மழை பெய்து, கடல் கொந்தளித்து அடங்கி, வாடைக்காற்று திரும்பிய ஒரு பின்னேரத்தில், பூவரசந்துறையில் அவனுடைய மாமனார் சவிரிமுத்துவின் வீட்டு முற்றத்தில் பனி பெய்யத் தொடங்கியது. முற்றத்தில் மட்டும்தான். வேலிக்கு வெளியே ஒழுங்கையில் வெயில் நின்றது. அடுத்த வளவில் திரேசம்மா காயப்போட்ட திருக்கைக் கருவாடு மொறுமொறுத்துக் கிடந்தது. வேலிக்கு உள்ளே, குசினிச் சுவரிலிருந்து படலை வரைக்கும், தேங்காய் துருவிக் கொட்டியதுபோல வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்த எமல்டா படலையைத் திறந்து, செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று யோசித்து, கழற்றாமலே உள்ளே வந்து, புருஷனுக்குப் போன் எடுத்தாள்.

“அங்கை ஸ்னோ கொட்டுதோ?”

“ஓம், இப்பதான் துவங்கினது. ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. இஞ்சை முத்தத்திலை நிக்கிறன்.”

அவன் படம் அனுப்பச் சொன்னான். அனுப்பினாள். படத்தைப் பார்த்துவிட்டு, சளி பிடிக்கும், தலையை மூடிக்கொண்டு நில்லும் என்றான்.

முதலில் வந்தவள் திரேசம்மா. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாததிலிருந்து மீன் விற்று வாழ்கிறவள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, படலையால் வந்து, குனிந்து ஒரு கை அள்ளி, அது விரலிடுக்கால் உருகி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், மீனுக்கு ஐஸ் போடுகிற றெஜிபோம் பெட்டியோடு திரும்பி வந்தாள். பெட்டிக்குள் விற்காத பாரை மீன் கிடந்தது. மீனுக்கு மேலே பனியை அள்ளிப் போட்டு மூடினாள். அடுத்த நாள் சந்தையில் அந்தப் பாரையின் கண் தெளிவாக இருந்தது என்று கேள்விப்பட்டு, கரைவலைக்காரர் வந்தார்கள், நண்டுக்காரர் வந்தார்கள், இறால் கொம்பனிக்குக் கொடுக்கிறவர்கள் வந்தார்கள். ஐஸ் பக்டரி லொறிக்காகத் தெருவில் காத்து நின்று பழகிய சனமெல்லாம் சவிரிமுத்துவின் படலையில் பெட்டியோடு வரிசையில் நின்றது.

கிராம சேவையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் புயலுக்கும் அவரிடம் நிவாரணம் இருந்தது, இதற்கு இருக்கவில்லை. பிளேன்டீ குடித்துவிட்டு, பாதிப்பு ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். பங்குச் சுவாமி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதைக் கடவுள் செய்த புதுமை என்றும் சொல்லவில்லை, புதுமை இல்லை என்றும் சொல்லவில்லை. பனி அள்ளுகிறவர்கள் பூசைக்குப் பிந்தி வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். முற்றத்தின் ஓரத்து முருங்கை, பனிப் பக்கத்துக் கொப்புகளில் இலையை உதிர்த்துவிட்டு, வெயில் பக்கத்துக் கொப்புகளில் பூத்தது. எமல்டா ஒரு பக்கத்தில் விறகு ஒடித்தாள், மறு பக்கத்தில் காய் பிடுங்கினாள்.

பனியோடு சேர்ந்து காலடிகளும் வந்தன. டெஸ்மன்ட் குடியிருந்தது ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில். அதற்குப் பக்கச் சுவரில்தான் கதவு. அதனால் அவனுடைய சப்பாத்துத் தடம் சவிரிமுத்து வீட்டுக் குசினிச் சுவரிலிருந்து புறப்பட்டு, முற்றத்தைக் குறுக்கே கடந்து, படலையோடு மறையும். அவனுக்குக் காலை விடியும்போது இங்கே பொழுது சாய்கிறபடியால், வேலைக்குப் போகிற தடம் பின்னேரம் விழும், திரும்பி வருகிற தடம் எமல்டா அடுப்பு மூட்டுகிற நேரத்துக்கு விழுந்து கிடக்கும். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் மனுவேற்பிள்ளை ஒரு ஒழுங்கு வைத்தார். பனியை ஓரங்களிலிருந்து மட்டுமே அள்ளவேண்டும். மாப்பிள்ளையின் பாதையில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. வைக்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் அந்தத் தடத்தைப் பார்த்து, இண்டைக்கு மாப்பிள்ளை பிந்திப்போட்டார், ஓடியிருக்கிறார் என்பார்கள். இண்டைக்குக் காலை இழுத்து நடந்திருக்கிறார், இரட்டை வேலை போல என்பார்கள். எல்லாரும் போனபிறகு எமல்டா ஒரு தடவை அந்தத் தடங்களில் தன் காலை ஒவ்வொன்றாக வைத்து, குசினிச் சுவரிலிருந்து படலை வரைக்கும் நடந்து பார்த்தாள். அவனுடைய எட்டு அவளுக்கு எட்டவில்லை, பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

பங்குனியில் பனி நின்றது. சனம் மறுபடி ஐஸ் லொறிக்குக் காத்து நின்றது. வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரரைப் பற்றிக் குறை சொல்வதுபோல அந்தப் பனியைப் பற்றிக் குறை சொன்னது. எமல்டாவைக் கனடாவுக்கு எடுக்க டெஸ்மன்ட் போட்ட விண்ணப்பம் தூதரகத்தில் சத்தமில்லாமல் கிடந்தது. அடுத்த வருசம் மறுபடி வாடை திரும்பி, மறுபடி பனி விழுந்து, பெட்டிகளோடு சனம் வந்தபோது, கொழும்புக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லி எமல்டாவுக்கு அறிவித்தல் வந்தது. அதே கிழமை, சனிக்கிழமை பின்னேரம், டெஸ்மன்டின் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் விழுந்திருந்தது.

சின்னத் தடம். குசினிச் சுவரிலிருந்து அவனோடு சேர்ந்து புறப்பட்டு, அவனோடு சேர்ந்து படலைக்குப் போயிருந்தது.

வரிசையில் நின்றவர்கள் அன்றைக்கு அந்தத் தடத்தைப் பார்த்தார்கள். பெட்டிகளை நிரப்பிக்கொண்டு, வழக்கமாகக் கதைக்கிற கதையையும் கதைக்காமல், ஒவ்வொருவராகப் போனார்கள். திரேசம்மா மட்டும் நின்றாள்.

“என்ன பிள்ளை, உது பொம்பிளைக் காலோ?”

“தெரியேல்லை அக்கா.”

“சின்னக் கால் பொம்பிளையளும் இருக்கினம்.”

“இருக்கினம்.”

“அவரிட்டைக் கேட்டனீயோ?”

“கேட்டால் அவர் ஏதாவது சொல்லுவார். சொன்னால் நான் அதை நம்பவேணும். இல்லாட்டி நம்பாமல் விடவேணும். ரெண்டுக்கும் இன்னும் எனக்குத் தெம்பு வரேல்லை.”

கிழமை நாட்களில் அந்தத் தடம் இல்லை. சனியும் ஞாயிறும் வந்தது. சனமும் சனி ஞாயிறுகளில் கொஞ்சம் முந்தி வந்தது.

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்து விசா ஆலோசனை சொல்கிற கருணைநாதன்தான் எமல்டாவை நேர்முகத்துக்குத் தயார்படுத்தினார். நிதானமான மனுசர். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிபோல நிமிர்ந்து இருந்துகொண்டு, கீழேயிருந்து பாண் வேகிற வாசம் வர, கேள்வி கேட்டார். கலியாணத்தைப் பேசி வைத்தது யார், மாப்பிள்ளை எந்தப் பக்கம் படுப்பார், அவருக்குப் பிடிக்காத கறி என்ன, கடைசியாய் எதற்குச் சண்டை பிடித்தீர்கள். எமல்டா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

“நல்லது. சண்டை பிடிக்கேல்லை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, நம்பமாட்டினம்,” என்றார் அவர். “உது உண்மையான கலியாணமோ, இல்லாட்டி விசாவுக்காகச் செய்ததோ எண்டுதான் முக்கியமாய்ப் பாப்பினம். இனி, சட்டத்தைக் கொஞ்சம் விளங்கி வைச்சிருங்கோ. உங்களை ஸ்பொன்சர் செய்யிறவர் அங்கை அரசாங்க உதவிக் காசிலை இருக்கக்கூடாது. ஊனமுற்றவருக்குக் குடுக்கிற காசெண்டால் பரவாயில்லை. நீங்கள் போய் இறங்கின நாளிலையிருந்து மூண்டு வருசத்துக்கு உங்களைப் பாக்கிறது அவற்றை பொறுப்பு. இடையிலை நீங்கள் ரெண்டுபேரும் பிரிஞ்சாலும் அந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போகாது.”

“பிரிஞ்சாலுமோ?”

“பிரிஞ்சாலும். கையெழுத்து வைச்சால் வைச்சதுதான். மற்றது, முந்தி ஆரோடையும் கூடி வாழ்ந்திருந்தால் ஒளிக்கக்கூடாது. பிள்ளையள் இருந்தால் ஒளிக்கக்கூடாது. கூட இல்லாத பிள்ளையையும் சொல்லவேணும். பிறகு பிடிபட்டால் பொய் சொன்னதெண்டு முழுதையும் தள்ளிப்போடுவினம்.”

எமல்டா மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

“அவர் தன்ரை பக்கத்திலை என்ன நிரப்பினவர்?”

“அது அங்கை ஒரு வழக்கறிஞரை வைச்சு அவரே நிரப்பினது. நான் காணேல்லை.” கருணைநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் பிள்ளை, அதிலை ஏதும் பிழை இருக்கோ?”

“தெரியாது.”

“தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லாதேங்கோ. தெரிஞ்சதைத் தெரியாது எண்டும் சொல்லாதேங்கோ. பனியைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கோ. கேக்காமல் சொன்னால் இன்ரவியூ நீளும்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் இருந்து எமல்டா அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். சின்னத் தடம் பொம்பிளையுடையதென்றால் இந்தக் கலியாணம் முடிந்தது. பிள்ளையுடையதென்றால் இன்னும் சிக்கல். அவன் அதை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்து, அவள் பிள்ளை இல்லை என்று சொன்னால், புருஷனுடைய பிள்ளையைத் தெரியாத பெண்சாதி எப்படி உண்மையான பெண்சாதி என்று கேட்பார்கள். அவன் எழுதாமல் விட்டிருந்து, அவள் இருக்கு என்று சொன்னால், பொய்க்காரன் என்று அவன் அகப்படுவான். ஓம் என்றாலும் விழுத்தும், இல்லை என்றாலும் விழுத்தும். உண்மை எது என்று தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் ஒவ்வொரு நாளும் போனில் சாப்பிட்டீரோ என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை கடும் பனி பெய்தது. பொழுது சாய்கிற நேரம், சனம் பெட்டியோடு நிற்க, முற்றத்தின் நடுவில் பனி தானாகக் கலைந்தது. சின்னத் தடங்கள் பாதையை விட்டு விலகி ஓடின, வட்டமாகச் சுற்றின, இரண்டு காலும் சேர்த்துத் துள்ளின. பிறகு, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால், பனியில் ஒரு உருவம் பதிந்தது. ஒரு பிள்ளை மல்லாக்கப் படுத்துக் கையையும் காலையும் அகட்டி அகட்டி அடித்த உருவம். தலை இருந்த இடத்தில் இரட்டைப் பின்னல் இரண்டு பக்கமும் பதிந்திருந்தது.

நண்டுக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். “விழுந்துபோச்சோ பிள்ளை?” என்று யாரோ கேட்டார்கள்.

“விழேல்லை,” என்றாள் எமல்டா. “விளையாடுது.”

அவள் அந்த உருவத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். பாலர் பாடசாலையில் ஒவ்வொரு நாளும் பார்க்கிற அளவுதான், கொஞ்சம் கூட. ஐந்து வயதும் முடிந்து ஆறு நடக்கும். வலது பாதத்தை உள்ளுக்குத் திருப்பி வைத்து நடக்கிற பிள்ளை. அன்றைக்கு ஒருவரும் பனி அள்ளவில்லை. சவிரிமுத்து வாசலில் நின்று மகளைப் பார்த்தார். கடலில் திசை தவறின நாட்களில் இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

எமல்டா அங்கேயே நின்று போன் எடுத்தாள்.

“உங்களோடை நிக்கிற பிள்ளை ஆர்?”

அந்தப் பக்கத்தில் காற்று இரைந்தது.

“ஒரு சிநேகிதன்ரை பிள்ளை. சும்மா கூட்டிக்கொண்டு வந்தனான்.”

“சிநேகிதன்ரை பிள்ளை விடியக்காலமை உங்கடை கதவாலைதான் வெளிக்கிடுமோ?”

“எமல்டா, நான் பிறகு எடுக்கிறன்.”

அவன் எடுக்கவில்லை. அன்றிலிருந்து பனி வந்தது, தடம் வரவில்லை. கதவிலிருந்து தெரு வரைக்கும் சவளால் வழித்து அள்ளிவிட்டுத்தான் அவன் வெளியே இறங்கினான் போலும், குசினிச் சுவரிலிருந்து படலைக்கு ஒரு பாதை மணல் தெரியத் துப்புரவாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பனி வரம்புபோலக் குவிந்திருந்தது. அள்ளுவதற்கு அது சுகமாக இருந்தது. ஆனாலும் சனம் அந்த வெறும் மணற்பாதையைப் பார்க்கிறபோது கூச்சப்பட்டது. மாப்பிள்ளை வழிச்சுப்போட்டார் என்று ஒருவருக்கொருவர் மெல்லச் சொல்லிக்கொண்டது.

கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள் மனுவேற்பிள்ளை வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

“பிள்ளை, உண்மையை ஒளிக்கிறவனட்டை ஏன் போறாய்? ஒரு மாரி பொறுத்துப் பார். இந்த நேர்முகத்துக்கு இப்ப போகாமல் விட்டால் என்ன?”

“நான் போனால் பனியும் போயிடும். உங்களுக்கு ஐஸ் வேணும், பெரியையா.”

அவர் முகம் கறுத்தது. முற்றத்துப் பனியைப் பார்த்தார். “ஓம். வேணும். அதுக்காகவும்தான் சொல்லுறன். ஆனால் அதுக்காக மட்டும் சொல்லேல்லை,” என்றார்.

கொழும்பில் தூதரகத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் சவிரிமுத்து நின்றுகொண்டார். எமல்டா உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாவும், மொழிபெயர்க்கிற ஒரு ஐயாவும் இருந்தார்கள். கலியாணம் பேசியதைக் கேட்டார்கள். விருந்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். படங்களைப் பார்த்தார்கள். எமல்டா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். பிறகு அந்த அம்மா ஒரு தாளைப் புரட்டி, தலையை நிமிர்த்தாமலே ஒன்று கேட்டார். ஐயா அதைத் தமிழில் சொன்னார்.

“உங்கள் கணவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?”

எமல்டா அந்தத் தாளைப் பார்த்தாள். தலைகீழாக இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதில் ஒரு பிள்ளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதேங்கோ என்ற கருணைநாதனின் குரல் நினைவு வந்தது. ஆனால் அவள் வாயைத் திறந்தது அதற்காக அல்ல. இல்லை என்று சொன்னால், பனியில் கையை அகட்டிப் படுத்திருந்த அந்தப் பிள்ளை இல்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வேலையை அவன் ஏற்கனவே செய்துவிட்டான். தானும் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

“ஓம். ஒரு பொம்பிளைப்பிள்ளை.”

“பெயர்?”

“தெரியாது.”

அந்த அம்மா இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் தெரியாது?”

“அவர் எனக்குச் சொல்லேல்லை.”

“அப்படியானால் பிள்ளை இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கடை முத்தத்துப் பனியிலை பாத்தனான்.”

மொழிபெயர்ப்பு ஐயா அதை அப்படியே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அந்த அம்மா பேனையைத் தாளில் வைத்தபடி, பனி எப்போதிருந்து பெய்கிறது, அவருடைய இடத்துப் பனிதான் என்று எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டார். எமல்டா சொன்னாள். பிள்ளையைப் பற்றி வேறு என்ன தெரியும் என்று கேட்டார்.

“ஆறு வயசு நடக்கும். வலது காலை உள்ளுக்கு வைச்சு நடக்கும். ரெட்டைப் பின்னல். சனி ஞாயிறுதான் அவரோடை. அவர் வேகமாய் நடக்கிற ஆள், பிள்ளை கூட இருந்தால் எட்டைக் கட்டையாக்கி நடப்பார்.”

அந்த அம்மா எழுதினார். நிறைய நேரம் எழுதினார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்ட கேள்வியை ஐயா கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இவ்வளவும் தெரிந்த பிறகும் அவரோடு வாழ விரும்புகிறீர்களா?”

“அவரோடை எனக்குக் கோவம்,” என்றாள் எமல்டா. “கோவம் எண்டதாலை அவர் என்ரை புருஷன் இல்லை எண்டு வராது. வேறை ஆரோடையாவது கோவம் வந்தால் நான் இவ்வளவு தூரம் வந்து இதிலை இருக்கமாட்டன்.”

முடிவை அறிவிப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அவனுக்கு அது நடுச்சாமம், விழித்திருந்திருக்கிறான்.

“என்ன கேட்டவை?”

“பிள்ளை இருக்கோ எண்டு கேட்டவை.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“இருக்கெண்டு.”

“நான் போமிலை போட்டனான் எமல்டா. எல்லாம் போட்டனான். தாயும் நானும் கலியாணம் கட்டேல்லை, ரெண்டு வருசம் கூடி இருந்தனாங்கள், அதையும் போட்டனான். உம்மடை அப்பாவுக்குத் தெரிஞ்சால் உம்மைத் தரமாட்டார் எண்டு பயந்து—”

“அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறீங்கள்,” என்றாள் அவள். “எனக்குச் சொல்லேல்லை.”

மரத்தடியில் நின்ற சவிரிமுத்து சுருட்டைக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

மாசி முடிந்து பங்குனியில், விசா குத்த பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி அறிவித்தல் வந்தது. ஊரே அறிந்தது. எமல்டா பாஸ்போர்ட்டை அலுமாரியை விட்டு எடுக்கவில்லை. டெஸ்மன்ட் போன் எடுத்துக் கெஞ்சினான்.

“தூதரகம் ஓம் எண்டிட்டுது,” என்றாள். “நான் இன்னும் சொல்லேல்லை. நீங்கள் வழிச்சு மறைச்சது என்னட்டையிருந்து மட்டுமில்லை. இந்த ஊர் உங்கடை காலடியை மிதிக்காமல் பாத்துக்கொண்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவினம். எல்லாருக்கும் சொல்லுங்கோ.”

ஞாயிறு பின்னேரம் மெல்லிய பனி பெய்தது. கவிழ்த்த மீன் கூடையின் மேல் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள். சனம் முற்றத்தில் பாதையை விட்டு இரண்டு பக்கமும் நின்றது. டெஸ்மன்டின் குரல் கூடைக்கு மேலிருந்து வந்தது. பிள்ளை இருக்கு என்றான். மறைத்தது பிழை என்றான். மனுவேற்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“தம்பி, பிள்ளையின்ரை தாய் எங்கை?”

“கனடாவிலை நான் இருக்கிற ஊரிலைதான், வேறை வீட்டிலை இருக்கிறா, ஐயா. இந்த மாரியிலையிருந்து அவவுக்குச் சனி ஞாயிறு வேலை. அந்த ரெண்டு நாளும் பிள்ளை என்னட்டை.”

“அவவுக்கு எமல்டாவைத் தெரியுமோ?”

“கலியாணத்துக்கு முந்தியே சொன்னனான்.”

“அவவுக்கும் சொல்லியிருக்கு,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது.

“பிள்ளைக்குத் தலை இழுத்து விடுறது ஆர்?” என்று கேட்டாள் திரேசம்மா.

“நான்தான் அக்கா. பின்னல் வடிவாய் வராது.”

“அங்கை வந்த பிறகு, இவனோடை இருக்கேலாது எண்டு எமல்டா ஒரு நாள் வெளிக்கிட்டால் என்ன செய்வீர்?” என்றார் மனுவேற்பிள்ளை.

“மூண்டு வருசத்துக்கு அவவைப் பாக்கிறது என்ரை பொறுப்பு ஐயா. கையெழுத்து வைச்சுத் தந்தனான்.”

“அது அரசாங்கத்துக்கு வைச்ச கையெழுத்து. எங்களுக்கு என்ன வைக்கிறீர்?”

பனி போனின் மேல் விழுந்து உருகியது. எமல்டா அதைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

“உங்களுக்கு வைக்க என்னட்டை ஒண்டும் இல்லை,” என்றது குரல். “கேக்கிறதுக்கு மறைக்காமல் பதில் சொல்லுறன். அவ்வளவுதான் இருக்கு.”

மனுவேற்பிள்ளை சனத்தைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் எமல்டா நிற்கக்கூடும், பனியும் பெய்யும், அடுத்த மாரிக்கும் பெட்டிகள் நிறையும். அது எல்லாருக்கும் தெரியும்.

“எனக்குக் கேக்க வேறை இல்லை,” என்றார். “முடிவு நான் சொல்லக்கூடாது. எனக்கு ஐஸ் வேணும், நான் சொன்னால் அதுதான் கதைக்கும்.” அவர் பின்னுக்குப் போய் வேலியோரம் நின்றுகொண்டார்.

அதுவரை வாசற்படியில் இருந்த சவிரிமுத்து எழும்பி வந்து கூடைக்கு முன்னால் குனிந்தார்.

“தம்பி, பிள்ளைக்கு எங்களைப் பற்றிச் சொன்னனீங்களோ?”

போனில் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

“இல்லை மாமா.”

“அப்ப போய்ச் சொல்லுங்கோ. நாங்கள் நிக்கிறம்.”

நின்றார்கள். போனுக்குள் ஒரு கதவு திறந்தது, அவன் யாரையோ எழுப்பி ஏதோ சொல்வது தெளிவில்லாமல் கேட்டது. சொல்வதற்கு அவனுக்கு நேரம் எடுத்தது. சனத்தின் தலையிலும் தோளிலும் பனி ஏறியது, ஒருவரும் தட்டிவிடவில்லை. பிறகு கிட்டவாக ஒரு மூச்சு கேட்டது. தமிழை நாக்கில் வைத்துப் பார்த்துப் பேசுகிற ஒரு சின்னக் குரல் வந்தது.

“அது எமல்டா அன்ரியா?”

எமல்டா போனைக் கையில் எடுத்தாள். சத்தத்தைக் குறைக்கவில்லை.

“ஓம். உங்கடை பேர் என்ன?”

“றொஷெல்.” கொஞ்சம் பொறுத்து, “அப்பா அழுறார். நீங்க கோவமா?”

“ஓம். கோவம்தான். அப்பாவோடை. உங்களோடை இல்லை.”

பிள்ளை அதை யோசித்தது.

“அது எப்ப முடியும்?”

“தெரியாது,” என்றாள் எமல்டா. “அங்கை வந்து பாப்பம்.”

அதைக் கேட்டதும் திரேசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினாள். சவிரிமுத்து பனியிலேயே குந்தியிருந்தார். எமல்டா போனைக் காதில் வைத்துக்கொண்டு, பின்னல் எப்படிப் பின்னுவது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லியபடி குசினிக்குள் போனாள். மனுவேற்பிள்ளை தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, போய், வீட்டிலை இருக்கிற பெட்டி எல்லாத்தையும் கொண்டுவாருங்கோ, இனி இது வராது, இருட்ட முந்தி அள்ளவேணும் என்றார்.